தெரியாத வினாவுக்கு எந்த விடை?
பல்தேர்வு வினாக்களும் நிகழ்தகவும்: மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பாடம்

புசல்லாவையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை ஒரு குடும்பத்தின் பரீட்சையாகவே எழுதப்படுகிறது. சோகம, மெல்போர்ட், ரொத்சைல்ட், டெல்டா என்று எந்தத் தோட்டத்தை எடுத்தாலும், பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பின்னால் கொழுந்துக் கூடை சுமக்கும் ஒரு தாய் நிற்கிறாள். கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நமது மலையகப் பாடசாலைகளின் பழைய நோய். பாடத்திட்டத்தின் ஒரு பகுதி வகுப்பில் தொடப்படாமலே பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவதும் உண்டு.

அங்கே அவர்கள் முன் வைக்கப்படும் முதலாம் வினாத்தாளில் விஞ்ஞானம், வரலாறு, சமயம் போன்ற பாடங்களுக்கு 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிந்த வினாக்களில் சிக்கலில்லை. தெரியாத வினாவில் என்ன செய்வது? சிலர் பயந்து வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ‘3’ என்று புள்ளடி இடுகிறார்கள். இன்னும் சிலர், “நாற்பதும் தெரிவுதானே, எப்படியும் தப்பிவிடலாம்” என்று படிப்பையே விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்று வழிகளுள் எது நல்லது, எது ஆபத்தானது என்பதைச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. அது பத்தாம், பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்திலேயே உள்ள நிகழ்தகவு என்ற பாடம்தான். பரீட்சைக்காக அப்பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள், பரீட்சையைப் புரிந்துகொள்ளவும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிகழ்தகவு என்றால் என்ன?

ஒரு நாணயக் குற்றியைச் சுண்டினால் தலை விழலாம், பூ விழலாம். இரண்டில் ஒன்று. ஆகவே தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2. ஆறு முகங்கள் கொண்ட தாயக்கட்டையில் 4 விழுவதற்கான நிகழ்தகவு 1/6. சமமான வாய்ப்புள்ள நிகழ்ச்சிகள் பல இருக்கும்போது, நமக்கு வேண்டியவை எத்தனை, மொத்தம் எத்தனை என்று பார்த்து முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதே நிகழ்தகவு.

இந்தக் கணிதம் பிறந்ததே ஓர் ஊகக் கேள்வியிலிருந்துதான். 1654ஆம் ஆண்டு பிரான்சில் பாஸ்கல், பெர்மா என்ற இரு அறிஞர்கள், பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பணத்தை எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது என்று கடிதம் மூலம் ஆராய்ந்தார்கள். அந்தக் கடிதங்களே இன்று காப்புறுதி முதல் காலநிலை எதிர்வுகூறல் வரை பயன்படும் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அத்திவாரமாயின.

பல்தேர்வு வினா அதைவிட மிகவும் பிந்தியது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1915ஆம் ஆண்டளவில் வாசிப்புத் திறனை அளக்க இம்முறையைப் பயன்படுத்தினார். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, இலட்சக்கணக்கான போர்வீரர்களை விரைவாகச் சோதிக்க இம்முறை உதவியது. பின்னர் உலகெங்கும் பரவியது. திருத்துவது இலகு, திருத்துபவரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்பன இதன் நன்மைகள். ஒன்றும் தெரியாதவரும் சில புள்ளிகள் பெறலாம் என்பது இதன் குறை.

2. கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் எத்தனை கிடைக்கும்?

ஒரு வினாவுக்கு நான்கு விடைகள். வினாவை வாசிக்காமலே ஒன்றைத் தெரிந்தால் அது சரியாவதற்கான நிகழ்தகவு 1/4. பிழையாவதற்கான நிகழ்தகவு 3/4. இவ்வாறு 40 வினாக்களுக்கும் எழுதினால் சராசரியாக 40 × 1/4 = 10 வினாக்கள் சரியாகும்.

‘சராசரியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் சரியாகப் பத்துத்தான் கிடைக்கும் என்பதல்ல. ஒருவருக்கு 7 கிடைக்கும், இன்னொருவருக்கு 12 கிடைக்கும். ஒன்றுமே தெரியாத 40 பிள்ளைகள் ஒரே வினாத்தாளை எழுமாறாக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணக்கு ஏறக்குறைய இவ்வாறு சொல்கிறது:

7க்குக் குறைவாகப் பெறுவோர் – 4 பேர்
7 முதல் 13 வரை பெறுவோர் – 32 பேர்
14 அல்லது அதற்கு மேல் பெறுவோர் – 4 பேர்

நாற்பதுக்கு 14 என்பது நூற்றுக்கு 35. சாதாரண சித்திக்குரிய எல்லையும் அந்த 35தான். அதாவது, எதுவும் படிக்காத பத்துப் பேரில் ஒருவர் முதலாம் வினாத்தாளில் மட்டும் பார்த்தால் ‘சித்தி’ பெற்றவர் போலத் தோன்றுவார். இது நம்மை மகிழ்விக்க வேண்டிய செய்தியல்ல, எச்சரிக்க வேண்டிய செய்தி. இரண்டாம் வினாத்தாளில் கையால் எழுதி விளக்க வேண்டும். அங்கே இந்த அதிர்ஷ்டம் உதவாது.

அதிர்ஷ்டத்தின் எல்லையையும் பாருங்கள். வெறும் ஊகத்தால் 20 அல்லது அதற்கு மேல் பெறுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பத்து வினாக்களை எடுத்து, பத்தும் ஊகத்தாலேயே சரியாக வேண்டுமென்றால் நிகழ்தகவு 1/4ஐப் பத்து முறை பெருக்கி வருவது. அது 10,48,576இல் ஒன்று. “எல்லாம் தெரிவு வினாதானே” என்று புத்தகத்தை மூடி வைக்கும் பிள்ளை இதை அறிந்திருக்க வேண்டும்.

உயர்தரத்துக்குப் போனால் நிலைமை இன்னும் இறுக்கமானது. பௌதிகவியல், இரசாயனவியல் போன்ற பாடங்களில் 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். அங்கே ஊகத்தின் நிகழ்தகவு 1/5. ஐம்பதுக்கும் எழுதினாலும் சராசரி 10தான்.

3. வினாவே இல்லாத ஒரு பரீட்சை

மேலே சொன்னதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். மாலை வகுப்பிலோ இளைஞர் மன்றத்திலோ அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம். செலவு ஒரு தாள்தான்.

(அ) ஒவ்வொருவரும் ஒரு தாளில் 1 முதல் 20 வரை இலக்கமிடுக. வினாக்கள் தரப்படமாட்டா. ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேரே 1, 2, 3, 4 ஆகியவற்றுள் விரும்பிய ஒன்றை எழுதுக.

(ஆ) 1, 2, 3, 4 என்று எழுதிய நான்கு சீட்டுகளை ஒரு தகரப்பேணியில் போட்டுக் குலுக்கி, ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்கவும். அதுவே முதலாம் வினாவின் ‘சரியான விடை’. சீட்டை மீண்டும் பேணியில் போட்டுக் குலுக்கி இரண்டாவதை எடுக்கவும். இவ்வாறு இருபது முறை.

(இ) தாள்களை மாற்றித் திருத்தவும். பெற்ற புள்ளிகளைக் கரும்பலகையில் நிரல்படுத்தவும்.

சராசரி 5ஐ ஒட்டி வரும். ஐந்தில் நால்வர் ஏறக்குறைய 3க்கும் 7க்கும் இடையில் இருப்பர். வகுப்பில் 40 பேர் இருந்தால் நாலு பேர் அளவில் 8 அல்லது அதற்கு மேல் பெற்றிருப்பர். கூடுதலாகப் பெற்றவரை எழுப்பி, “நீ எப்படிப் படித்தாய்?” என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பே பாடம்: வினாவே இல்லாத பரீட்சையிலும் முதலாம் பிள்ளை ஒருவர் இருப்பார், கடைசிப் பிள்ளை ஒருவர் இருப்பார். மறுபடியும் ஒருமுறை நடத்துங்கள். முதல் தடவை முதலிடம் பெற்றவர் இரண்டாம் தடவையும் முதலிடம் பெறுவது அரிது.

4. மாணவர் மத்தியில் உலவும் மூன்று நம்பிக்கைகள்

முதலாவது: “எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கத்தைப் போட்டால் அதிகம் கிடைக்கும்.” சரியான விடைகள் நான்கு இடங்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தால், எல்லாவற்றுக்கும் 3 போட்டவருக்கும் பத்து அளவில்தான் கிடைக்கும். மாற்றி மாற்றிப் போட்டவருக்கும் சராசரி அதுவே. இலாபம் இல்லை. நட்டமும் உண்டு: எல்லாவற்றுக்கும் 3 என்று முடிவெடுத்தவர் வினாவை வாசிப்பதையே நிறுத்திவிடுகிறார். வாசித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஐந்தாறு வினாக்களையும் இழக்கிறார்.

இரண்டாவது: “முன் மூன்று வினாக்களுக்கும் விடை 2 வந்துவிட்டது, இதற்கும் 2 வராது.” நாணயக் குற்றியில் மூன்று முறை தலை விழுந்தால் நான்காவது முறை பூ விழுந்தே ஆக வேண்டுமா? இல்லை. முன்பு விழுந்தது எது என்று குற்றி கணக்கு வைத்திருப்பதில்லை. நான்காவது முறையும் நிகழ்தகவு 1/2தான். லொத்தர் சீட்டு வாங்குபவர், “இவ்வளவு நாளும் விழவில்லை, இனி விழத்தான் வேண்டும்” என்று சம்பளத்தைக் கரைப்பதும் இதே தவறான எண்ணத்தால்தான். விடையை அந்த வினாவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும், மேலே உள்ள வினாக்களின் விடைகளைக் கொண்டல்ல.

மூன்றாவது: “முதலில் மனதில் பட்ட விடையே சரி, மாற்றக்கூடாது.” விடைத்தாள்களில் மாற்றப்பட்ட விடைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுகள் இதற்கு எதிரானதையே கண்டன. பிழையிலிருந்து சரிக்கு மாற்றப்பட்டவையே, சரியிலிருந்து பிழைக்கு மாற்றப்பட்டவற்றைவிட அதிகம். மாற்றிப் பிழைத்துப்போனது மனதை உறுத்துவதால் அது மட்டும் நினைவில் நிற்கிறது. ஆகவே, மீண்டும் வாசிக்கும்போது ஒரு காரணம் தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம். காரணமின்றிப் பயத்தினால் மாற்ற வேண்டாம். மாற்றும்போது பழைய அடையாளத்தை வினாத்தாளில் அறிவுறுத்தியபடி நீக்க வேண்டும். ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள் குறிக்கப்பட்டிருந்தால் புள்ளி கிடையாது.

5. வெறுமையாக விடலாமா?

நமது சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் பல்தேர்வு வினாத்தாள்களில் பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே வெறுமையாக விட்ட வினாவுக்குக் கிடைப்பது நிச்சயமாகப் பூச்சியம். ஊகித்து எழுதியதற்குக் கிடைப்பது சராசரியாகக் கால் புள்ளி. நான்கு வினாக்களை வெறுமையாக விட்ட பிள்ளை, சராசரியில் ஒரு புள்ளியை மேசையில் விட்டு வருகிறது. அந்த நான்கில் குறைந்தது ஒன்றாவது சரியாவதற்கான நிகழ்தகவு எவ்வளவு? நான்கும் பிழையாவதற்கான நிகழ்தகவு 3/4 × 3/4 × 3/4 × 3/4 = 81/256. எஞ்சிய 175/256, அதாவது நூற்றுக்கு 68 அளவில், ஒரு புள்ளியேனும் கிடைக்கும். ஆகவே முடிவு தெளிவானது: இப்பரீட்சைகளில் ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள்.

எல்லா நாடுகளிலும் எல்லாப் பரீட்சைகளிலும் இப்படியல்ல. இந்தியாவில் மருத்துவக் கல்லூரி அனுமதிக்கான நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 புள்ளி கூட்டப்படும், பிழையான விடைக்கு 1 புள்ளி குறைக்கப்படும். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடித் தெரிந்தால் சராசரி: 4 × 1/4 – 1 × 3/4 = 1/4 புள்ளி. வினா ஒன்றின் பெறுமதி நான்கு புள்ளியாக இருக்க, இந்த ஆதாயம் மிக அற்பம். அமெரிக்காவின் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் ஐந்து விடைகளுள்ள வினாவுக்குப் பிழையானால் கால் புள்ளி குறைத்தார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 1 × 1/5 – 1/4 × 4/5 = 0. கண்ணை மூடி ஊகிப்பவருக்கு ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்தக் குறைப்பு 2016இல் கைவிடப்பட்டது. ஆகவே எந்தப் பரீட்சைக்குப் போனாலும், வேலைக்கான போட்டிப் பரீட்சையாயினும், முதற் பக்கத்திலுள்ள அறிவுறுத்தலை வாசித்த பின்னரே ஊகிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

நல்ல மனச்சாட்சியுள்ள பிள்ளைகள் சில வேளை கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “தெரியாததைத் தெரிந்தது போல எழுதுவது பொய்யாகாதா, சுவாமி?” பரீட்சை நடத்துபவர்களுக்கு ஊகிப்போர் உண்டு என்பது நன்றாகத் தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றே, அது பகிரங்கமானது. இங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதுவதே களவு. ஆனால் ஊகத்தால் கிடைத்த புள்ளியை அறிவு என்று நம்பினால், ஏமாறுவது வேறு யாருமல்ல, நாமே. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

6. அறிவு ஊகத்தை எவ்வாறு மாற்றுகிறது?

ஒரு வினாவுக்கு விடை ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ என்று இரண்டே நிலைகள் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் இடையில் பல படிகள் உண்டு. சரியான விடை எதுவென்று தெரியாவிட்டாலும், நிச்சயமாகப் பிழையானது எதுவென்று தெரிந்திருக்கலாம். அந்த அரைகுறை அறிவுக்கும் பெறுமதி உண்டு.

நான்கில் ஒன்றும் நீக்க முடியாவிட்டால் நிகழ்தகவு 1/4
ஒன்றை நீக்கினால் 1/3
இரண்டை நீக்கினால் 1/2
மூன்றை நீக்கினால் 1, அதாவது நிச்சயம்

ஓர் உதாரணம். “தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும்போது இலையிலிருந்து பிரதானமாக வெளியேறுவது எது? (1) ஐதரசன் (2) நைதரசன் (3) நீராவி (4) ஒட்சிசன்.” இந்தப் பாடம் நடந்த அன்று ஒரு பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இலை ஐதரசனையோ நைதரசனையோ வெளிவிடுவதாக அது எங்கும் படித்ததில்லை. இரண்டும் போயின. எஞ்சியவை நீராவியும் ஒட்சிசனும். தாவரம் ஒட்சிசன் வெளிவிடும் என்று படித்தது நினைவுக்கு வருகிறது. ஆனால் அது வெயிலில், செடியில் இருக்கும்போது. இப்போது வீட்டில் கேட்டதை நினைக்கட்டும்: பறித்த கொழுந்தை நிறுக்காமல் வைத்திருந்தால் நிறை குறைகிறது என்று தாய் முறையிடுவது. இலை துவள்கிறது, நிறை குறைகிறது. அப்படியானால் போவது நீர். விடை 3.

இந்தப் பிள்ளை ஊகித்ததா, அறிந்ததா? ஊகத்தில் தொடங்கி அறிவில் முடித்தது. பாடப்புத்தகத்தில் மட்டுமல்ல, மலையிலும் தொழிற்சாலையிலும் லயத்து அடுப்படியிலும் நமது பிள்ளைகள் கற்ற விஞ்ஞானம் நிறைய உண்டு. அதைப் பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுபோகலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இதன் பயனைப் புள்ளியில் பார்ப்போம். ஒரு மாணவிக்கு 40இல் 14 வினாக்கள் நிச்சயமாகத் தெரியும். எஞ்சியவை 26.

(அ) 26ஐயும் வெறுமையாக விட்டால்: 14 புள்ளி.

(ஆ) 26ஐயும் கண்ணை மூடி ஊகித்தால்: 14 + 26 × 1/4 = சராசரியாக 20½ புள்ளி.

(இ) 26ஐயும் ஆறுதலாக வாசித்து, 12 வினாக்களில் இரண்டு விடைகளையும், 9 வினாக்களில் ஒரு விடையையும் நீக்கி, 5இல் மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் ஊகித்தால்: 14 + 6 + 3 + 1¼ = சராசரியாக 24¼ புள்ளி.

அதே மாணவி, அதே அறிவு. முதலாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையில் பத்துப் புள்ளி. இது தந்திரத்தால் வந்ததல்ல. தன்னிடம் ஏற்கெனவே இருந்த அரைகுறை அறிவை வீணாக்காமல் எடுத்ததால் வந்தது. ஆயினும் 14 என்பது 20 ஆனால் மட்டுமே உண்மையான உயர்வு வரும். அந்த வேலை பரீட்சை மண்டபத்தில் அல்ல, அதற்கு முந்திய மாதங்களில் நடக்க வேண்டியது.

7. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்: புள்ளியை வாசிப்பது எப்படி?

தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை நாற்பதுக்குப் பத்து எடுத்தால், “கால்வாசி தெரிந்திருக்கிறது” என்கிறோம். அது சரியல்ல. ஒன்றுமே தெரியாதவருக்கும் பத்துக் கிடைக்கும். உண்மையில் எத்தனை தெரியும் என்பதைக் குத்துமதிப்பாகக் காண ஒரு வழி உண்டு: சரியான விடைகளின் எண்ணிக்கையிலிருந்து, பிழையான விடைகளின் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். (எல்லா வினாக்களுக்கும் விடை எழுதியிருந்தால் மட்டுமே இக்கணக்குப் பொருந்தும். தெரியாத வினா ஒவ்வொன்றிலும் மூன்று பிழைக்கு ஒரு சரி ஊகத்தால் விழுகிறது என்பதே காரணம்.)

பெற்றது 10 – தெரிந்தது ஏறக்குறைய 0
பெற்றது 16 – தெரிந்தது ஏறக்குறைய 8
பெற்றது 22 – தெரிந்தது ஏறக்குறைய 16
பெற்றது 28 – தெரிந்தது ஏறக்குறைய 24
பெற்றது 34 – தெரிந்தது ஏறக்குறைய 32

நாற்பதுக்கு 22 எடுத்த பிள்ளை பாதிக்கு மேல் தாண்டிவிட்டதாக நாம் மகிழ்கிறோம். உண்மையில் அதற்குத் தெரிந்தது பாதியிலும் குறைவாக இருக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஒரு பிள்ளை 8 எடுக்கிறது, அதன் அண்ணன் 14 எடுக்கிறான். எட்டுக்கு அடியும் பதினாலுக்குப் பாராட்டும் வீட்டில் கிடைக்கின்றன. ஆனால் இரண்டும் எழுமாற்று ஊகத்தின் எல்லைக்குள் அடங்கக்கூடிய புள்ளிகள். இருவருக்கும் ஒரே அளவு உதவி தேவைப்படலாம். அடி வாங்கிய பிள்ளை, “எனக்குப் படிப்பு ஏறாது” என்று எண்ணிப் பாடசாலையை விட்டு நின்றுவிடுகிறது. கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிறது. பாராட்டுப் பெற்றவன் படித்தது போதும் என்று எண்ணுகிறான். ஒரு தகரப்பேணிச் சீட்டினால் தீர்மானிக்கப்பட்டிருக்கக்கூடிய ஆறு புள்ளிகளை வைத்து இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை நாம் எடைபோடக்கூடாது. ஒரே ஒரு பல்தேர்வு வினாத்தாளைக் கொண்டு பிள்ளையைத் தரம் பிரிக்காதீர்கள். கையால் எழுதச் செய்யுங்கள்; வாயால் கேளுங்கள்; சில வாரம் பொறுத்து இன்னொரு தாள் கொடுங்கள்.

தனிப் பிள்ளையின் புள்ளி ஏமாற்றலாம். வகுப்பின் சராசரி அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. ஒன்றும் தெரியாத 40 பேரின் சராசரி பெரும்பாலும் 9க்கும் 11க்கும் இடையிலேயே நிற்கும். உங்கள் வகுப்பின் சராசரி 10 அளவில் இருந்தால், அந்தப் பாடம் அவ்வகுப்பைச் சென்றடையவில்லை என்பதே பொருள். பிள்ளைகளைக் குறைசொல்வதற்கு முன் கற்பித்தலை ஆராய வேண்டும்.

இன்னொரு படி மேலே போகலாம். திருத்திய தாள்களை வைத்து, ஒவ்வொரு வினாவுக்கும் 40 பேரில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுங்கள்.

10 பேர் அளவில் சரி என்றால்: அநேகமாக யாருக்கும் அது தெரியாது. புதிதாகக் கற்பிக்க வேண்டும்.

25, 30 பேர் சரி என்றால்: பலருக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

2, 3 பேர் மட்டுமே சரி என்றால்: இதைக் கூர்ந்து பாருங்கள். ஊகித்திருந்தாலே பத்துப் பேர் அளவில் சரியாகியிருப்பார்களே! ஊகத்தையும் விடக் குறைந்தால், பிள்ளைகள் ஊகிக்கவில்லை. ஒரு பிழையான கருத்தை உறுதியாக நம்பித் தெரிந்திருக்கிறார்கள் என்று பொருள். எந்தப் பிழையான விடையைப் பெரும்பாலோர் எழுதினார்கள் என்று பாருங்கள். நோய் எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். ஒன்றும் தெரியாததைவிடப் பிழையாகத் தெரிந்திருப்பது திருத்தக் கடினமானது. வினா தெளிவில்லாமல் இருந்ததா என்பதையும் ஆசிரியர் சரிபார்க்க வேண்டும்.

8. சுருக்கமாக

மாணவர்களுக்கு:

• முதலில் அறிவுறுத்தலை வாசிக்கவும். பிழைக்குப் புள்ளி குறைப்பு இல்லையென்றால் ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம்.
• தெரிந்தவற்றை முதலில் முடிக்கவும். தெரியாதவற்றுக்கு வினாத்தாளில் அடையாளமிட்டு இரண்டாம் சுற்றில் வரவும்.
• இரண்டாம் சுற்றில், “எது சரி?” என்று மட்டுமன்றி, “எது நிச்சயமாகப் பிழை?” என்றும் கேட்கவும்.
• கடைசி ஐந்து நிமிடத்தில், ஒன்றும் நீக்க முடியாத வினாக்களுக்கு எழுமாறாக ஒன்றைக் குறிக்கவும்.
• வீட்டில் பழைய வினாத்தாள் செய்யும்போது ஊகித்த வினாக்களுக்கு அருகில் கேள்விக்குறி இடவும். ஊகித்துச் சரியானதையும் பிழையாகவே எண்ணி மீண்டும் படிக்கவும்.

இந்தக் கடைசி அறிவுரை மிக முக்கியமானது. பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பும் தாளில் ஊகிப்பது அனுமதிக்கப்பட்டது. வீட்டில் நம்மை நாமே சோதிக்கும் தாளில் ஊகத்தை அறிவென்று எழுதிக்கொண்டால், இரண்டாம் வினாத்தாள் அதை வெளிப்படுத்திவிடும். அதற்குப் பின் வாழ்க்கையும் வெளிப்படுத்தும். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டை வாசிப்பவருக்கோ, சம்பளச் சிட்டையின் கழிவுகளைச் சரிபார்ப்பவருக்கோ நான்கு விடைகள் கீழே எழுதித் தரப்படுவதில்லை.

குழுவில் கலந்துரையாட:

1. மூன்றாம் பகுதியிலுள்ள ‘வினாவே இல்லாத பரீட்சை’யை உங்கள் மன்றத்தில் இரண்டு முறை நடத்துங்கள். இரண்டிலும் முதல் ஐந்து இடங்களைப் பெற்றவர்கள் ஒரே ஆட்களா?

2. ஒரு மாணவன் 40க்கும் விடை எழுதி 19 சரியாகப் பெற்றான். அவனுக்கு உண்மையில் எத்தனை தெரிந்திருக்கலாம்? (விடை: 19 – 21/3 = 12 அளவில்.)

3. ஐந்து விடைகளுள்ள 50 வினாக்களில், ஒவ்வொன்றிலும் மூன்று விடைகளை நீக்க முடிந்தால் ஊகத்தால் சராசரியாக எத்தனை சரியாகும்? (விடை: 25.)

4. உங்கள் தோட்டத்தில் சாதாரண தரம் வரை படித்து இடையில் நின்ற பிள்ளைகள் யார்? எந்தப் புள்ளியை, யாருடைய சொல்லைக் கேட்டு அவர்கள் நின்றார்கள்? அவர்களுள் ஒருவரையேனும் மீண்டும் பரீட்சை எழுத வைக்க உங்கள் மன்றம் என்ன செய்யலாம்?